நாலாவது பெட்டி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் வாய் திறக்கும், அறிவு கடைசியாகத்தான் வந்து சேரும். இதை மறைத்து வைத்து நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே பாலகுமாரிடம் சொல்லிவிட்டேன்.

"நான் படபடன்னு பேசிருவேங்க. முப்பத்தேழு வயசாச்சு. இனிமே மாறாது."

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "பேசுங்க. எங்க வீட்ல சத்தமே இல்லாம கெடக்கு," என்றார்.

எனக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் கல்யாணம் இருபத்திரண்டு வயதில், ஒட்டன்சத்திரத்தில். மாப்பிள்ளைக்குக் காய்கறி மண்டியில் கமிஷன் வியாபாரம். அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டியது கிடையாது. கேட்கிறவர்கள் கொடுத்து வைத்தவள் என்பார்கள். நான் ஏதாவது தப்புப் பண்ணினால் மாமியார் பேச்சை நிறுத்துவார், அவரைப் பார்த்து வீட்டுக்காரரும் நிறுத்துவார். மூன்றாவது வருடம் மாமியாரின் கல்யாணப் பட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பொசுக்கிவிட்டேன். பதினைந்து நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பதினாறாம் நாள் என் சேலைகளை மடித்துப் பையில் வைத்து, "அண்ணன் வீட்ல நாலு நாள் இருந்துட்டு வாம்மா" என்றார்கள். அண்ணன் ராஜ்மோகன் வீடு பெரும்பாறையில் இருக்கிறது. அந்த நாலு நாள் பன்னிரண்டு வருடமாக நீண்டது. கூப்பிட ஒருவரும் வரவில்லை.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் பாதியை அண்ணன் ஊரில் காப்பிப் பழம் பறித்துக் கழித்தேன். மீதியைக் கொடைக்கானல் பஜாரில், சஃபீர் பாயின் கடையில். கடையின் முன்பக்கம் தைலம், சாக்லேட். உள்பக்கம் இன்டர்நெட் பார்க்க இரண்டு கம்ப்யூட்டர். பெரிய கேனிலிருந்து யூகலிப்டஸ் தைலத்தைக் கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி, மூடி, லேபிள் ஒட்டுவது என் வேலை. அங்கேதான் பாலகுமார் வருவார், தைலத்துக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக.

ஏரிச்சாலைப் பக்கம் ஒரு போர்டிங் ஸ்கூலில் அவர் எலக்ட்ரீசியன். பிறந்தது இலங்கையில், பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில். ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். முப்பத்தைந்து வருடம் ஆகியும் 'முடியாது' என்று வராது அவர் வாயில், 'ஏலாது' என்றுதான் வரும். இருபது வயதில் ஸ்கூலில் சேர்ந்தபோது, சனிக்கிழமை டான்ஸுக்கு ஸ்பீக்கர் கட்டும் வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் சின்னச் சின்ன இசைத்தட்டுகளைக் கொண்டு வருவார்களாம். முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு. சோல் பாட்டு என்று பெயர். அமெரிக்காவில் கறுப்பு மக்கள் பாடியது. சர்ச்சில் பாடிப் பழகிய தொண்டையை வைத்துக்கொண்டு காதலைப் பாடினால் அது சோல் என்று எனக்கு விளக்கினார். அந்தத் தட்டுகள் காலத்தோடு போய்விட்டன. இவர் மனசை விட்டுப் போகவில்லை.

அப்புறம்தான் இந்தப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. ஒரே கம்பெனி அந்தக் காலத்தில் வெளியிட்ட சின்னத் தட்டு ஒவ்வொன்றையும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும், தேதி வரிசையில் சிடியில் அடுக்கி, பாட்டு வெளியான வருடத்துக்கு ஒரு பெட்டியாக மறுபடி போட்டார்கள். ஒவ்வொரு பெட்டியும் கெட்டி அட்டைப் புத்தகம் மாதிரி இருக்கும். உள்ளே படங்கள், பாடியவர் பெயர், வாசித்தவர் பெயர். குறைவாகத்தான் அடித்தார்கள், ஒவ்வொன்றிலும் நம்பர் உண்டு. சஃபீர் பாயின் கம்ப்யூட்டரில் இவர் ஆர்டர் போடுவார், பாயின் மச்சான் துபாயில் வாங்கி வைத்து லீவுக்கு வரும்போது கொண்டு வருவார். ஒரு பெட்டிக்கு எட்டு மாதம், பத்து மாதம் காத்திருக்க வேண்டும்.

"நல்ல பாட்டு மட்டும் எடுத்துப் போட்ட சிடி கெடைக்காதா?" என்று ஒரு நாள் பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டே கேட்டேன். அப்போது கல்யாணப் பேச்சே இல்லை.

"கெடைக்குங்க. ஆனா அதுல ஜெயிச்சவங்க மட்டும்தான் இருப்பாங்க. இதுல எல்லாரும் இருக்காங்க. ஒரே ஒரு தட்டு பாடிட்டு வீட்டுக்குப் போனவங்ககூட வரிசையில இருக்காங்க. ஒருத்தரையும் விடல."

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

2007 தை மாதம் கல்யாணம் முடிந்து ஆனந்தகிரியில் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை, தகரக் கூரை. மரப் பீரோ ஒன்றின் கீழ்த்தட்டில் சின்ன பல்பு ஒன்று ராத்திரி பகலாக எரியும். கொடைக்கானல் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்காமலிருக்க எல்லோர் வீட்டிலும் துணி பீரோவில் செய்கிற வேலைதான். இவர் வீட்டில் துணி வெளியே கொடியில் கிடந்தது, பல்பு பெட்டிகளுக்கு எரிந்தது. வந்த அன்றைக்கே அதற்குச் சண்டை போட்டேன். மறுநாள் துணிக்கு இன்னொரு பல்பு மாட்டிக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசாமல்.

தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் சிடியில் ஒரே ஒரு பழைய தட்டின் பாட்டைப் போடுவார். முன்பக்கப் பாட்டு, அப்புறம் அதன் பின்பக்கப் பாட்டு. அதற்கு மேல் கிடையாது. "இது அறுபத்தொண்ணு, மார்ச் மாசங்க. இன்னிக்கு வெளியானதுன்னு வச்சுக்கங்க," என்பார். ஒன்று பிடித்து மறுபடி கேட்டால் போடமாட்டார். "நாளைக்கு அடுத்தது வரணும்ல. அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க." அர்த்தம் எனக்கு விளங்காது. ஆனால் அந்தக் குரல்கள் விளங்கின. அடித் தொண்டையிலிருந்து கெஞ்சுகிறவன் எந்த பாஷையில் கெஞ்சினால் என்ன? ஒன்பது மாதத்தில் மூன்று பெட்டி முடிந்து நாலாவது நடந்தது. என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. வாங்க, போங்க, சாப்பிடலாங்களா என்றுதான் பேச்சு. சொந்த வீட்டில் லாட்ஜுக்கு வந்தவள் மாதிரி இருக்கிறதே என்று சில நாள் தோன்றும். நல்ல மனுஷனைக் குறை சொல்லக்கூடாது என்று விட்டுவிடுவேன்.

ஐப்பசியில் அந்த மழை வந்தது. லைனில் மரம் விழுந்து ஊரே ஐந்து நாள் இருட்டு. ஸ்கூலில் ஜெனரேட்டரும் கெட்டுப்போனதால் இவரை அந்த ஐந்து நாளும் வீட்டுக்கே விடவில்லை. பீரோ பல்பும் அணைந்து கிடந்தது. நான்காம் நாள் காலையில் பீரோவைத் திறந்தேன். குப்பென்று வாடை. நாலாவது பெட்டியின் மேல் அட்டையில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். உள்ளே சிடிகளை எடுத்துப் பார்த்தால் அவற்றின் மேலும் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருக்கிறது.

எனக்குப் பதறியது. மழையில் நனைந்துகொண்டு ஸ்கூலுக்கே கரண்ட் கொடுக்கிற மனுஷன் வீட்டுக்கு வந்து இதைப் பார்க்கவா? வருவதற்குள் சுத்தம் பண்ணிவிட வேண்டும் என்று இறங்கினேன். கொடைக்கானலில் எதற்கும் ஒரே மருந்துதான். சளியா, தைலம். மூட்டு வலியா, தைலம். எறும்பா, பசைப் பிசுக்கா, பூசணமா, தைலம். பஞ்சை முக்கி ஆறு சிடியையும் ஒன்றொன்றாகத் துடைத்தேன். பூசணம் போன இடம் தெரியவில்லை. பளபளவென்று இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு அடுப்படி மேடையில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், ஆறும் வெளிறிக் கிடக்கின்றன. கஞ்சி ஆடை படிந்த மாதிரி ஒரு மங்கல். விரலால் தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகம் பட்ட இடம் குழைந்து கோடு விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. பிளாஸ்டிக்கில் தைலம் ஊற்றக்கூடாது, இளகிவிடும் என்று ஆறு வருடமாகக் கண்ணாடிப் பாட்டிலில் அடைக்கிறவள் நான். வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்கிறவளும் நான்தான். ஆனால் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிற அந்த வட்டத்தை நான் கண்ணாடி என்றே நினைத்திருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டியே தேவலை, அவன் ஊரார் சங்கை ஊதினான்.

சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பேரிடம் எத்தனை பேசுகிற வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. ஆறையும் பெட்டிக்குள் செருகி பீரோவில் வைத்துவிட்டேன்.

கரண்ட் வந்த சாயங்காலம் அவர் வழக்கம்போல நாலாவது பெட்டியை எடுத்தார். சிடியைப் பிளேயரில் போட்டார். சுற்றியது, திக்கியது, நின்றது. வெளியே எடுத்து விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன், முதுகெல்லாம் காது.

"பிளேயர் லென்ஸ்ல தூசி போலங்க," என்று சொல்லிப் பெட்டியை மூடி வைத்தார்.

மறுநாள் களைப்பு என்றார். அதற்கு மறுநாள் தலைவலி. அப்புறம் காரணமும் சொல்லவில்லை. சாப்பிடுவார், "நல்லாருக்குங்க" என்பார், போய்ப் படுப்பார். பாட்டு இல்லாத வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு நாளும் எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. ஒட்டன்சத்திரத்தில் பதினைந்து நாள் கொடுத்தார்கள். இவர் எத்தனை நாள் கொடுப்பாரோ தெரியவில்லை. இந்த வீட்டிலிருந்தும் பையோடு இறங்கினால் அண்ணன் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பது? அதைவிட, இந்த ஆளை விட்டு எப்படி இருப்பது? இரண்டாவது கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சந்தை நாள், கடையில் கூட்டம். மனசு தாங்காமல் சஃபீர் பாயைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பாய், அவரோட நாலாவது பாட்டுப் பெட்டி இன்னொண்ணு ஆர்டர் போட முடியுமா? மாசாமாசம் என் சம்பளத்துல புடிச்சுக்கங்க. அவருக்குத் தெரிய வேணாம்."

பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் அவருக்கு. "அது தீந்துபோச்சுக்கா. மறுபடி அடிக்க மாட்டாங்களாம். பாலு அண்ணன்தான் போன வாரமே வந்து தேடிப் பாத்தாரே."

"அவரா? என்னத்துக்கு?"

"நீங்க வீட்டுக்குப் போனப்புறம் வந்து, தைலம் பட்ட சிடிய என்ன பண்றதுன்னு ரெண்டு மணி நேரம் உக்காந்து படிச்சாரு. ஒண்ணும் பண்ண முடியாதுன்னு போட்டிருந்துச்சு. ஒங்ககிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அக்கா, நான் சொன்னதாச் சொல்லாதீங்க."

எனக்குக் காது சிவந்தது. தெரியுமா? முதல் நாளே தெரியுமா? பன்னிரண்டு நாளாக நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டா இந்த மனுஷன் "நல்லாருக்குங்க" என்று சாப்பிட்டார்? கையில் தைலப் பிசுக்கோடு, போட்டிருந்த ஏப்ரனோடு, சந்தைக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஆனந்தகிரி மேடு ஏறினேன்.

அவர் வாசல் படியில் பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நாலாவது பெட்டி என்னாச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றேன்.

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "தெரியுங்க."

"எப்பத்துல இருந்து?"

"அன்னிக்கே. சிடியில வாசம் அடிச்சுச்சே."

"அப்ப லென்ஸ்ல தூசி, களைப்பு, தலைவலி எல்லாம் எனக்குக் கட்டுன கதையா?"

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? நல்லதுன்னு நெனச்சு செஞ்சது. அதை ஏன் பேசணும்?"

அந்தச் சாந்தம்தான் என்னைக் கொளுத்தியது. அதுவரை அவரிடம் சொல்லாத பட்டுச்சேலைக் கதையை அந்தப் படியில் நின்று கொட்டினேன். பதினைந்து நாள், பாத்திரச் சத்தம், மடித்து வைத்த சேலைகள், நாலு நாள். "யாரும் என்னைய வையல, அடிக்கல. பேசாம இருந்தே அனுப்புனாங்க. நீங்களும் பன்னெண்டு நாளா பேசல. அனுப்புறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க, மத்தியான வண்டிக்கே கெளம்பிர்றேன்."

அவர் எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "அனுப்புறதா? நீங்க போயிருவீங்கன்னு பயந்துதானே நான் வாயையே தெறக்கல."

"நான் எதுக்குப் போறேன்?"

"ஒங்க அண்ணன் சொன்னாரு. கல்யாணத்துக்கு மொத நாளு. ஒட்டன்சத்திரத்துல மாமியார் ஏதோ ஒரு சொல்லு சொல்லிட்டாங்கன்னு நீங்களாவே கோவிச்சுக்கிட்டுப் பைய எடுத்துட்டு வந்துட்டீங்களாம். ஒரு சொல்லுத் தாங்கமாட்டா, பாத்து நடந்துக்கங்க மாப்ளேன்னாரு. அன்னிக்குலேர்ந்து ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுத்தான் பேசுறேன்."

தங்கையை அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல அண்ணனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அவளாகவே வந்தாள் என்று ஊருக்குச் சொன்ன பொய்யை மாப்பிள்ளையிடமும் சொல்லி வைத்திருக்கிறான். இந்த மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒன்பது மாதம் என்னை விருந்தாளியாக வைத்திருந்திருக்கிறார்.

"திட்டுங்க," என்றேன்.

"என்னதுங்க?"

"என்னையத் திட்டுங்க. வயித்துக்குள்ள வச்சிருக்கறதை வெளிய கொட்டுங்க. நான் போகமாட்டேன்."

"எனக்கு ஏலாதுங்க."

"ஏலும். திட்டுங்க."

தொண்டையைச் செருமினார். "நீங்க இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாங்க."

"இதுக்குப் பேரு திட்டா? ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல எழுதிப் போடுறது மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். எங்கேயிருந்து வந்ததோ அந்தச் சத்தம். "ஏன்டி, ஒரு வார்த்தை கேட்டா என்னடி? ரெண்டு நாள்ல நான் வந்திருப்பேன்ல. வெறும் தண்ணியில கழுவியிருந்தாப் போதுமே. தைலம் பூச அது என்ன சளி புடிச்ச மூக்கா? கொஞ்சமாவது கூறு வேணாம்? செஞ்சதும் செஞ்ச, ஒளிச்சு வேற வைக்கிற. பத்து மாசம் காத்துக் கெடந்து வந்த பெட்டிடி அது." வேலிக்கு அந்தப் பக்கம் மிக்ஸியின் சொந்தக்காரி குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை. மிக்ஸி மூடியைக் கையில் வைத்து ஆட்டி ஆட்டித் திட்டினார். ஒன்பது மாதத்தில் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

திடீரென்று குரல் உடைந்தது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுல அஞ்சாவது சிடியில ஒரு பொண்ணு இருக்கு. பின்பக்கப் பாட்டு. அந்த ஒரு தட்டுதான் அது பாடுனது. அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி அதைக் கூப்பிடவே இல்ல. ரெண்டு நிமிசம் சொச்சம். நடுவுல ஒரு எடத்துல இழுத்துப் பாடும்போது மூச்சுப் பத்தாது அந்தப் புள்ளைக்கு. நின்னு, ஒரு மூச்சு வாங்கி, மறுபடி புடிக்கும். அதை வெட்டாம அப்புடியே விட்டிருக்காங்க. அந்த எடத்தை ஒனக்குக் கேக்க வைக்கணும்னு கல்யாணம் ஆன அன்னிக்கே நெனச்சேன். மொதல்லயே எடுத்துப் போட்டிருக்கலாம். வரிசை தப்பக்கூடாதுன்னு காத்திருந்தேன். மழை வந்தன்னிக்கு இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி இருந்துச்சு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த பஸ்ஸில் அழாதவள், அண்ணன் வீட்டுச் சமையலறையில் ஒரு நாளும் அழாதவள், அந்தப் படியில் ஏங்கி ஏங்கி அழுதேன். எனக்காகத்தானா, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவா, இவருக்காகவா என்று பிரிக்க முடியவில்லை. தைலக் கையால் கண்ணைத் துடைக்கப் போனேன். சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கும் அதே தைலமா?" என்று அதட்டிவிட்டுத் தன் சட்டை நுனியால் என் முகத்தைத் துடைத்தார்.

"பாடிக் காட்டுங்க," என்றேன்.

"எனக்குப் பாட வராது."

"தெரியும். பாடுங்க."

பாடினார். கேட்கச் சகிக்கவில்லை. குப்பம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார், ஒரு மூச்சு வாங்கினார், மறுபடி பிடித்தார். "இந்த எடம்," என்றார்.

"கேட்டுச்சு," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது. சோறு போடு," என்றார்.

போட்டேன். அவர் ரசம் ஊற்றி இரண்டு வாய் எடுத்தார், கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"உப்பு ஜாஸ்தி."

நான் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். "எப்பவும் போடுறதுதானே போட்டிருக்கேன்."

"எப்பவுமே ஜாஸ்திதான்டி. ஒம்பது மாசமா ஜாஸ்தி."

"இதை மொத நாளே சொல்றதுக்கு என்ன?" என்று கரண்டியோடு எழுந்தேன். அவர் தட்டை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.